ஜான் பீ – மூன்று

1

"காரணத்தை எழுதிக் குடுங்க."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். பட்டு ஷெட்டில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த அன்று காலையில், சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்துச் சொன்னார். லீவு கேள், நாற்காலி கேள், எதையும் கையால் எழுதித் தரச் சொல்லி அவர்களிடம் கேட்காதே. அப்பா ஒரு தடவை கேட்டவர். குத்தகை நிலத்துக்கு ஒரு சீட்டு எழுதித் தாருங்கள் என்று, இப்போதைய முதலாளியின் அப்பாவிடம் கேட்டார். அடுத்த போகத்துக்கு அந்த நிலத்தில் வேறொருவர் ஏர் ஓட்டினார். அப்பா அதே வரப்பில் கூலிக்கு நின்றார். எனக்கு ஆறு வயது.

நான் கேட்டுவிட்டேன். முந்தாநாள், சனிக்கிழமை. எனக்காகக் கேட்கவில்லை, ஜான் பீக்காகக் கேட்டேன். கிடைக்காது என்று நினைத்துத்தான் கேட்டேன். கிடைத்துவிட்டது. இந்தக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்போது திங்கட்கிழமை காலை ஆறு மணி. வருஷம் 1974. எட்டு பத்துக்கு மாரண்டஹள்ளியில் தர்மபுரி பஸ். அதற்குள் எழுத வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். முன்பக்கத்தில் இருப்பது வேறு. அது என்ன என்பதற்காகத்தான் இந்தப் பின்பக்கம்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"கொதிநீரில் பொன்னிறக் கூடுகள் பூக்களைப் போல மிதந்தன, அவற்றின் நடுவே ஜான் பீயின் விரல்கள் —"

வேண்டாம். பூ இல்லை. வெந்த புழு. அந்த நாற்றம் தலைமுடியில் ஏறினால் இரண்டு தலைக்குளியலுக்குப் போகாது. விரல்கள் வெளுத்து, ஊறி, நகக்கண்ணில் வெடித்திருக்கும். அதைப் பூ என்று எழுதினால் எழுதினவள் கையை வெட்ட வேண்டும்.

"ஜான் பீ ஓர் ஏழைப் பெண் —"

யார் இல்லை இங்கே? அந்தச் சொல்லுக்கு முகம் கிடையாது.

"ஒரே பார்வையில் கண் பிடிக்கக்கூடிய பொருள்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு, அவ்வெல்லை ஆளுக்கு ஆள் வேறுபடும் —"

இது மதராஸில் தத்துவ பி.ஏ. பரீட்சையில் நான் எழுதின பதில். உளவியல் ஒரு பேப்பர். இந்தக் கேள்விக்கு நல்ல மார்க். எங்கள் வம்சத்தில் முதல் டிகிரி, அதிலும் அந்த ஒரு கேள்விக்கு ஒரு சபாஷ். அந்தச் சபாஷ்தான் ஜான் பீயின் வேலையைத் தின்றது.

இதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதைவிட நேர்மையாக வரவில்லை.

3

வேலை என்னவென்று தெரியாமல் கதை புரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

வேகவைத்த பட்டுக்கூடுகளை வெந்நீர்த் தொட்டியில் போடுவார்கள். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓர் இழை வரும். எட்டுக் கூட்டின் இழை சேர்ந்தால் ஒரு நூல். அந்த நூல் கிளம்புகிற இடத்துக்கு முனை என்று பெயர். எட்டில் ஒரு கூடு தீர்ந்துபோனால் அந்த நொடியே புதுக் கூட்டின் இழையை வீசி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் நூல் மெலியும். இரண்டு கூடு தீர்ந்தால் அறுந்துவிடும்.

எங்கள் ஷெட்டில் பழைய சர்க்கா, கையால் சுற்றுகிற மர ராட்டை, ஓடினவரை ஒருத்திக்கு நாலு முனை. போன வருஷம் முதலாளி தொட்டியோடு சேர்ந்த புது மெஷின்கள் இறக்கினார், பேசின் என்பார்கள். அதில் ஆறு முனை. ஆறு எட்டு நாற்பத்தெட்டுக் கூடு, ஒரு ஜோடிக் கண்.

இன்னொன்று. ஒவ்வொருத்தியும் தான் எடுத்த சிட்டத்தில் தன் துணிக்கிழிசல் ஒன்றைக் கட்டி அனுப்ப வேண்டும். சிட்டம் என்றால் சுற்றி முறுக்கின நூல்கட்டு. நூல் மெலிந்திருந்தால் யாருடையது என்று கிழிசலைப் பார்த்துப் பிடிப்பார்கள். குள்ளம்மாளுக்குச் சிவப்புப் பாவாடைத் துண்டு. ஜான் பீக்கு அவள் புருஷன் காஜாவின் பழைய கட்டம் போட்ட கைலி. நாலு முனைக் காலத்தில் பத்து வருஷம் அந்தக் கைலித் துண்டு கட்டின சிட்டம் ஒன்றுகூட வியாபாரியிடமிருந்து திரும்பி வரவில்லை. கூடு தீர்ந்த பிறகு பார்க்கிறவர்கள் மற்றவர்கள். ஜான் பீ தீரப்போவதைப் பார்ப்பாள். ஓடு மெலிந்து உள்ளே புழு கருப்பாகத் தெரிய ஆரம்பிக்கும்போதே அவள் கையில் அடுத்த இழை தயாராக இருக்கும்.

ஆறு முனை வந்த மாதத்திலேயே கைலித் துண்டு திரும்பி வர ஆரம்பித்தது.

4

முதலாளி நஞ்சப்பன். எனக்கு மாமா முறை. ஷெட்டில் முதலாளி, எங்கள் வூட்டு வாசலில் மாமா. அவரை வில்லனாக எழுதத்தான் நேற்றெல்லாம் முயன்றேன். மீசையை முறுக்க வைத்தேன், பீடிப் புகையை முகத்தில் ஊத வைத்தேன். அவருக்கு மீசையும் இல்லை, பீடியும் இல்லை. நான் மதராஸ் ஹாஸ்டலில் சேர ஒப்புதல் கடிதத்துக்கு அலைந்தபோது கூட வந்தவர் அவர். கத்தமாட்டார். திரும்பி வந்த சிட்டங்களை மேசையில் பரப்பி, "கவனம் இல்லைங்கம்மா, வூட்டு நெனப்பு" என்று மட்டும் சொல்வார்.

அந்தக் "கவனம் இல்லை" எனக்கு ஆகவில்லை. கவனம் இல்லாததும் கவனத்துக்கு எல்லை இருப்பதும் வேறு வேறு என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் சீமையில் ஒருத்தர் தட்டில் அவரைக்கொட்டையை வீசி, எண்ணாமல் ஒரே பார்வையில் எத்தனை தெரிகிறது என்று ஆயிரம் தடவைக்கு மேல் தன்னையே சோதித்துப் பார்த்தாராம். நாலு வரை தவறவில்லை. ஐந்தில் சறுக்க ஆரம்பித்ததாம்.

எங்கள் ஊரில் அவரைக்கொட்டையை யார் வீணாக்குவார்கள்? புளியங்கொட்டை எடுத்தேன். ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு துண்டு. துண்டை எடுத்து, கை தட்டுகிற நேரத்துக்குள் மூடிவிட வேண்டும். எத்தனை? ஏழு பெண்கள், ஒரு வாரம், சாப்பாட்டு நேரத்தில்.

"பி.ஏ. அம்மா, புளியங்கொட்டை எண்ணறதுக்கா மதராஸ் வரைக்கும் போயி படிச்ச?" என்று குள்ளம்மாள் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜான் பீயும் சிரித்தாள். எண்ணக் கூடாது, எண்ணினால் தப்பு, பார்த்த மாத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று நான் வாத்தியார் மாதிரிச் சொன்னேன்.

பெரும்பாலோருக்கு நாலு. குள்ளம்மாளுக்கு ஐந்து, ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஜான் பீக்கு மூன்று. நாலாவது விதை விழுந்தால் மூன்று என்பாள், ஐந்து என்பாள், உதட்டைக் கடிப்பாள்.

ஒரு தடவை சொன்னாள்: "மூணுதான் தெரியுது காசிம்மா. ஆனா நடுவுல கெடக்கறது சொத்தை."

துண்டை எடுத்துப் பார்த்தேன். நடு விதையில் ஊசி குத்தின மாதிரி ஓர் ஓட்டை. அந்தத் தட்டை அதற்கு முன் குள்ளம்மாளும் பார்த்தாள், செல்லம்மாளும் பார்த்தாள், விதைகளைப் பொறுக்கிப் போட்ட நானும் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை.

நான் நோட்டில் எழுதினேன்: ஜான் பீ – மூன்று.

சொத்தையை எழுதவில்லை. அதற்குக் கட்டம் போட்டிருக்கவில்லை.*

* கடைசி நாள் குள்ளம்மாளைத் தட்டைப் பிடிக்கச் சொல்லி நானும் பார்த்தேன். எனக்கும் மூன்று. அதையும் எழுதவில்லை. சோதிக்கிறவர் பெயர் பட்டியலில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வெட்கம்.

5

பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில் ஒரு சிபாரிசு எழுதினேன். மூன்று பிடிக்கிறவர்கள் குறைந்தவர்கள் அல்ல, அவர்களைப் பழைய நாலு முனைச் சர்க்காவிலேயே வைத்தால் நூல் நன்றாக வரும். நல்ல தமிழ். கீழே மா. காசியம்மாள், பி.ஏ.

முதலாளி நின்றபடியே படித்தார். ரொம்ப நல்ல வேலை பாப்பா, இத்தனை நாளா எனக்கு இது தோணலையே என்றார். நோட்டை அவரே வைத்துக்கொண்டார். அன்று வூட்டுக்கு நடந்து போகும்போது வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை. படித்த படிப்பு ஒரு தடவையாவது ஒருத்திக்கு உதவப்போகிறது என்று நினைத்தேன்.

பத்தாவது நாள் ஜான் பீயை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் பேசினில் வேறொரு பெண் வந்தாள். சேர்ப்பதற்கு முன்னால் முதலாளி அவளுக்கும் தட்டு வைத்துப் பார்த்தாராம். ஐந்து.

(அவர் முழுப் பட்டியலையும் படித்தார், சிபாரிசையும் படித்தார். அதில் அவர் கண் பிடித்தது ஒரு எண்ணை மட்டும். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை.)

6

இந்த இடத்தில் ஜான் பீயை அழ வைத்திருந்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மகள் வஹிதாவைக் கட்டிக்கொண்டு. ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவள் அழவில்லை.

நான் அவள் வூட்டுக்குப் போனபோது தலையணை ஒன்றின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். காஜா பஞ்சு அடிக்கிறவர். நெஞ்சில் பஞ்சு சேர்ந்து இப்போது அடிக்க முடியவில்லை. உள்ளே படுத்திருந்தார், இருமல் மட்டும் கேட்டது. ஜான் பீ ஊசியிலிருந்து கண் எடுக்காமல் உட்காரச் சொன்னாள்.

ஏன் நிறுத்தினார்கள் என்று யாரும் சொல்லவில்லை என்றாள். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில் போய்க் கேட்டிருக்கிறாள். அங்கே இன்னும் சர்க்காதான், நாலு முனைதான். முன்னே எங்கே இருந்தாய், ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டார்களாம். தெரியாது என்றாளாம். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்களாம்.

பட்டு ஷெட்டில் காரணம் சொல்லாமல் ஒருத்தியை நிறுத்தினால் அதற்கு ஒரே அர்த்தம். மடியில் நூல் எடுத்துப் போனவள்.

"வேலை போனாப் போவுது காசிம்மா. வேற வேல செய்வேன். திருடின்னு பேரு நின்னா வஹிதாவ எந்த வூட்ல எடுப்பாங்க? எதுக்கு நிறுத்துனாங்கன்னு ஒரு வரி வாங்கிக் குடு. நீ படிச்சவ, உனக்குக் குடுப்பாங்க."

நோட்டைப் பற்றி அப்போது நான் சொல்லவில்லை. அதுதான் காரணம் என்று எனக்கே அப்போது சரியாகத் தெரியாது என்று எழுதலாம். எழுதமாட்டேன். தெரியும்.

7

சனிக்கிழமை மத்தியானம். வாரச் சிட்டங்களை எடை போடுகிற நேரம். முதலாளி மேசைக்கு எதிரே நின்று கேட்டேன். மாமா என்றும் சொல்லவில்லை, முதலாளி என்றும் சொல்லவில்லை.

"ஜான் பீய நிறுத்துனதுக்குக் காரணத்தை எழுதிக் குடுங்க."

அவர் கோபப்படவில்லை. இழுப்பறையைத் திறந்தார். நோட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நீதான எழுதியிருக்கற பாப்பா. என் கையெழுத்த விட உன் கையெழுத்து நல்லா இருக்குது. இதுக்கு அடியில ஒரு கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா? தந்தா, கண்ணு பத்தாதவன்னு ஆயிரும். அப்பறம் எந்த ஷெட்டுல சேத்துக்குவாங்க? தரலைன்னா நாலு நாளைக்கிப் பேசுவாங்க, அப்பறம் மறந்துருவாங்க. எது நல்லதுன்னு நீயே சொல்லு."

பழைய சர்க்கா இருக்கிறதே, அதில் போடலாமே என்றேன். வியாழக்கிழமையே உடைத்து அடுப்புக்குப் போட்டாயிற்று என்றார். கூடு வேகவைக்க விறகு தட்டுப்பாடாம்.

நீங்கள் எத்தனை விதை பார்ப்பீர்கள், ஒரு தடவை பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டேன் —

கேட்கவில்லை. கேட்டதாக எழுத ஆசை. வாய் வரவில்லை. அப்பாவும் அவர் மல்பெரித் தோட்டத்தில்தான் இலை அறுக்கிறார்.

ஆனால் அடுத்து நடந்தது நிஜம். தராசில் குள்ளம்மாளின் சிட்டம் ஏறியது. எடை முள் நிற்கும்வரை முதலாளி வேறு எதையும் பார்க்கமாட்டார். முள்ளை விட்டால் பட்டு போய்விடும் என்பது அவர் பயம். அந்த முள் ஆடி நிற்பதற்குள் அவர் மூக்குக்கு நேர்கீழே இருந்த நோட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நான் ஒளிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. குள்ளம்மாள் பார்த்தாள். அவள் ஐந்து பார்க்கிறவள். தலையைக் குனிந்து தன் சிவப்புக் கிழிசலைச் சரிசெய்தாள்.

முதலாளிக்கு எத்தனை என்று எனக்குத் தெரிந்தது. ஒன்று.

8

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன். அதற்கு மேல் என்னால் பிடிக்க முடியாது.

முடிவு ஒன்று. மாமா மனம் மாறி ஜான் பீயைக் கூப்பிட்டனுப்புகிறார். பத்திரிகைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். சர்க்கா எரிந்துபோனது என்று மேலேயே எழுதிவிட்டேன், சாம்பலில் நாலு முனை வைக்க முடியாது.

முடிவு இரண்டு. நோட்டை அடுப்பில் போடுகிறேன். யாருக்கும் கண் பத்தாது என்று எழுத்தில் இருக்காது. ஜான் பீ திருடியாகவே இருப்பாள். நான் சூப்பர்வைசராகவே இருப்பேன். இதைத்தான் என் கை ஞாயிற்றுக்கிழமை முழுதும் செய்யப் பார்த்தது.

முடிவு மூன்று. தர்மபுரியில் தொழிலாளர் அதிகாரி ஒருவர் திங்கள்தோறும் மனு வாங்குகிறார். அவர் முன்னால் நோட்டை வைக்கிறேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு —

அவரை எனக்குத் தெரியாது. அவர் எத்தனை வரி படிப்பார் என்றும் தெரியாது. பாதியில் விடுகிறேன்.

(ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையில் இதுவரை எத்தனை பேர் வந்தார்கள்? எண்ணாமல் சொல்லுங்கள். காஜாவை விட்டிருப்பீர்கள். நானும் விட்டேன். ஜான் பீயையும் மாமாவையும் என்னையும் பிடித்துக்கொண்டிருந்ததில், பக்கத்து அறையில் இருமினவரிடம் எப்படியிருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இதற்காக உங்களை யாரும் வேலையை விட்டு எடுக்கமாட்டார்கள்.)

9

ஏழரை. இப்போது நோட்டை முன்பக்கம் திருப்பி மூன்று இடங்களில் எழுதினேன்.

ஜான் பீ – மூன்று என்பதற்குப் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே: நடு விதை சொத்தை என்று கண்டு சொன்னது இவர் ஒருவரே.

பட்டியலின் கடைசியில்: காசியம்மாள் – மூன்று.

அதற்குக் கீழே: பத்து வருஷம் நாலு முனையில் ஒரு சிட்டமும் திரும்பாதவரை ஆறு முனையில் உட்கார வைத்து நிறுத்தினார்கள். திருட்டு இல்லை. கண்ணில் குறையும் இல்லை. இந்தச் சோதனையைச் செய்தது நான், தப்பாக எழுதினது நான். இதுவே காரணம். கையெழுத்து.

மாமா தராமல் விட்ட வரி இதுதான். யார் எழுதினால் என்ன?

நேற்று மாலை ஜான் பீயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். புளியங்கொட்டை, நோட்டு, என் கையெழுத்து, பஸ் நேரம். கையிலிருந்த ஊசியைத் தலையணையில் குத்தி வைத்தாள். பிறகு, நான் வெளையாட்டுன்னு நெனச்சேன் காசிம்மா என்றாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எட்டு பத்துக்கு அவள் பஸ் நிறுத்தத்தில் இருப்பாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன்.

அப்பா வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அரிவாள் பக்கத்தில் கிடக்கிறது. இலை அறுக்கக் கிளம்பவில்லை.

"கேட்டுட்டியா?" என்றார்.

கேட்டேன் என்றேன். என்ன கொடுத்தார்கள் என்றார். நான் எழுதினதையே கொடுத்தார்கள் என்றேன். இன்னிக்குத் தோட்டத்துக்குப் போகலையா என்று கேட்டேன்.

"நீ போயிட்டு வா. இனிமே அங்க யாரு போறதுன்னு அப்பறம் பாக்கலாம்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்பக்கத்தைக் கிழித்துவிட்டு முன்பக்கத்தை மட்டும் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. மனுவோடு கதையைச் சேர்த்துக் கொடுத்தால் பைத்தியம் என்பார்கள். ஒருமுறை அப்படித்தான் சொத்தையை விட்டுவிட்டு எண்ணைக் கொடுத்தேன், என்ன ஆயிற்று என்று பார்த்தீர்கள். கிழிக்கப்போவதில்லை. இரண்டு பக்கமும் போகட்டும். இதைப் படிப்பது அந்த அதிகாரியாக இருந்தால், ஐயா, முடிவு உங்கள் மேசையில் இருக்கிறது. வேறு யாராவது படித்தால், நோட்டு எப்படி உங்கள் கைக்கு வந்தது என்பதை வைத்து நீங்களே முடிவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நடுவில் பதினொரு பக்கம் வெறுமையாக இருக்கிறது.

செருப்பு மாட்டியாயிற்று. அவள் வந்தாலும் வராவிட்டாலும் ஏறுவேன். என்னிடம் இருந்த ஷெட் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிடும்படி அப்பாவிடம் வைத்துவிட்டேன். பேனாவை மூடி —